மாடு சாயும் பக்கம்

பரஞ்சோதி மல்லாந்து படுத்து, அடிக்கம்பிக்குக் கீழே தலையை நுழைத்துக்கொண்டிருக்கிறார். கால்கள் பக்கத்துச் செம்பனைக் காட்டின் காய்ந்த மட்டைகள்மேல் கிடக்கின்றன. தலை என் தோப்புக்குள் வந்துவிட்டது. நெஞ்சும் வந்துவிட்டது. வயிறு வரவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்து இன்னொரு முறை முயல்கிறார். சட்டைப் பொத்தான் ஒன்று முள்ளில் மாட்டித் தெறிக்கிறது.

"பாருங்கண்ணே, வயிறு போகல. என் வயிறு போகலைன்னா திருடன் வயிறும் போகாது."

"திருடன் ஒல்லியா இருந்தா?"

கிடந்தபடியே யோசிக்கிறார். "ஒல்லியா இருக்கிறவனுக்கு எவனாலயும் வேலி போட முடியாதுண்ணே. அவன் பசியில வர்றவன். ரெண்டு பழத்தைக் குடுத்து அனுப்பிவிடுங்க."

கட்டி முடித்த ஒவ்வொரு வேலியையும் அவர் இப்படித்தான் சோதிக்கிறார். சுத்தியலை உள்ளே வைத்துவிட்டு வெளியே போவார். சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். தான் திருடன் என்று தன்னையே நம்பவைக்க அவ்வளவு நேரம் வேண்டுமாம். பிறகு குனிவார், எட்டுவார், ஏறுவார், கடைசியில் படுப்பார். உள்ளே வர முடிந்துவிட்டால் தன்னையே மலாயில் திட்டிக்கொண்டு அந்த இடத்தைப் பிரித்துக் கட்டுவார். முடியாவிட்டால் அவர் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரியும்.

எங்கள் பக்கம் காலை நேரத்தில் ஜெராய் மலை இருப்பதில்லை. பீடோங்கைத் தாண்டிச் சாலை செம்பனைக்குள் திரும்பும் இடத்திலிருந்து எல்லாமே பனியின் வெண்மைதான். மரங்கள் பாதிவரை இருக்கும். மீதி இருக்கிறதா என்பது வெயில் ஏறிய பிறகே தெரியும். அந்த வெண்மைக்குள்ளிருந்து முதலில் ஒரு சத்தம் வரும். இனிப்புப் பால் டின்னுக்குள் ஆணிகள் குலுங்கும் சத்தம். அதன் பின்னால் பழைய மோட்டார் சைக்கிள், அதன் முதுகில் முள்கம்பிச் சுருள், எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பரஞ்சோதி. டின்னை இடுப்பில் கம்பியால் கட்டியிருப்பார். அதற்குள் இருப்பவை லாடம்போல் வளைந்த இரட்டைக்கால் ஆணிகள். கம்பியின் இருபுறமும் கால் வைத்துக் கட்டையில் இறங்கிவிட்டால் கம்பி அசையாது.

இடது கையில் வெல்டிங் செய்பவர்களின் தடித்த தோலுறை. வலது கை வெறும் கை. "ரெண்டுக்கும் உறை போட்டா கம்பி எவ்ளோ இறுகியிருக்குன்னு யாருண்ணே சொல்வா?" என்பார். அந்த வலது உள்ளங்கையில் கீறல்மேல் கீறல். கோயில் திருவிழாவுக்கு வந்த கைரேகைக்காரர் ஒருவர் அதைப் பிடித்துச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இடது கையைக் காட்டுங்க" என்றாராம். இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு அடங்காது.

அவரைச் சிறந்த தொழிலாளி என்று நான் சொல்ல மாட்டேன். சொன்ன நாளில் வர மாட்டார். வெட்டிய கம்பித் துண்டுகளை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போவார். என் மோட்டார் சைக்கிளின் டயர் அவற்றை நன்றாக அறியும். அவருடைய வேலி நேராகவும் போகாது. வழியில் ஒரு மரம் வந்தால், அது எதற்கும் பயன்படாத மரமாக இருந்தாலும், வளைந்து சுற்றிக்கொண்டு போகும். கேட்டால், "நேரா போறதுக்கு அது என்ன டோல் ரோடா?" என்பார். பாதி வேலையில் கட்டைமேல் உட்கார்ந்துவிடுவார். நட்ட கட்டைகளின் வரிசையை ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். அப்புறம் மற்றக் கண்ணும் மூடிக்கொள்ளும். அவர் பார்க்கிறாரா தூங்குகிறாரா என்று அவரோடு வேலை செய்யும் பாக் மாட் என்பவருக்கே தெரியாது. பாக் மாட் பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து மலாய்க்காரர், பரஞ்சோதியின் வயதுக்காரர், அதிகம் பேசாதவர். பரஞ்சோதியின் கண் மூடியதும் அவரும் ஒரு ரொக்கோ பற்றவைத்துக்கொள்வார்.

ஆனாலும் வடக்கே பெண்டாங்கிலிருந்து தெற்கே பண்டார் பாரு வரை அவரைக் கூப்பிடுகிறார்கள். காரணம் ஒன்றுதான். முதல் வேலியைத் தவிர, அவர் கட்டிய வேலியைப் பிரித்துக்கொண்டு யாரும், எதுவும் உள்ளே வந்ததில்லை.

என் தோப்பு வேலியில் எனக்கு ஒரு குறை இருந்தது. உள்ளிருந்து பார்த்தால் கட்டைகளின் முதுகுதான் தெரியும். கம்பி முழுவதும் வெளிப்பக்கம். நிலத்துக்குச் சொந்தக்காரன் முதுகைப் பார்க்க வேண்டும், சாலையில் போகிறவன் முகத்தைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். பரஞ்சோதி ஒரு வாழை நாரைக் கிழித்தார். தன் முழங்கையை ஊன்றி முன்கையைச் செங்குத்தாக நிறுத்திக்கொண்டார்.

"இது கட்டை. நீங்க மாடு."

"சரி."

நாரைக் கைக்கு என் பக்கமாக நீட்டிப் பிடித்தார். "சாயுங்க." விரலால் சாய்ந்தேன். நார் அவர் கையோடு அமுங்கி நின்றது. பிறகு நாரைக் கைக்கு அந்தப் பக்கம் மாற்றினார். "இப்ப சாயுங்க." சாய்ந்தேன். நார் கையைவிட்டு விலகிப் போயிற்று.

"அவ்ளோதாண்ணே. உள்பக்கம் அடிச்சா ஆணி என்ன செய்யும் பாவம், பட்டு பட்டுன்னு கழண்டு வந்துரும். மனுஷன் தள்ள மாட்டான். முள்ளைப் பார்த்தாலே வேற வழி இருக்கான்னு தேடிப் போயிருவான். மாடு அப்படி இல்ல. அது வந்து நிக்கும். யோசிக்கும். அப்புறம் பொறுமையா சாயும். மாடு சாயற பக்கந்தான் கம்பி இருக்கணும்."

இந்தப் பாடத்தை அவர் எப்படிக் கற்றார் என்பதைப் பீடோங்கில் தேநீர்க்கடை வைத்திருக்கும் மணியத்திடம்தான் கேட்க வேண்டும். அவரிடம் கேட்கவும் வேண்டாம். பரஞ்சோதி கடைக்குள் காலை வைத்ததும் தானாகவே தொடங்கிவிடுவார்.

"வாங்க உள்ளாணி! பசியாறியாச்சா?"

இளவயதில் பரஞ்சோதி பிடித்த முதல் வேலை, பெண்டாங்கில் வயல் ஓரத்து வாழைத்தோப்பு ஒன்றின் வேலி. சொந்தக்காரர் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஆணிகளை எல்லாம் உள்பக்கம் அடித்துவிட்டார். "ஜிப்பு கழட்டுன மாதிரி தொறந்துச்சு வேலி! ஊர் மாட்டுக்கெல்லாம் கெண்டூரி விருந்து லா அன்னிக்கு!" என்று மணியம் சொல்லும்போது, நூறாவது முறை கேட்பவர்களும் சிரிப்பார்கள். பரஞ்சோதி சிரிக்க மாட்டார். தே தாரிக்கின் நுரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "அதுக்கப்புறம் ஒரு ஆணி, ஒரே ஒரு ஆணி கழண்டதுன்னு எவனாச்சும் சொல்லட்டும்" என்பார். சொல்பவர் யாரும் இல்லை. ஆனால் உள்ளாணி என்கிற பெயர் மட்டும் போகவில்லை. பெயர் போகாததால்தான் ஆணிகள் நின்றனவோ என்று எனக்குத் தோன்றியதுண்டு.

உழைப்பாளிகளை ஞானிகளாக்கிப் பார்க்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. அதனால் அவருடைய கனவொன்றைத் தயங்கித்தான் எழுதுகிறேன். ஒரு நாள் மழைக்கு என் கொட்டகையில் ஒதுங்கியபோது சொன்னார்.

"அடிக்கடி வருதுண்ணே. வேலி கட்டிக்கிட்டே போறேன். பனியா இருக்கு. கட்டை எல்லாம் தானா நடந்து வந்து நிக்குது. கடைசிக் கம்பியை இழுத்துக் கட்டிட்டு நிமிந்து பார்த்தா, நான் உள்ள நிக்கிறேனா வெளிய நிக்கிறேனான்னு தெரியல. நடந்து நடந்து பார்க்கிறேன். இந்தப் பக்கமும் புல்லு, அந்தப் பக்கமும் புல்லு. கேட்டே காணோம்."

மழை தகரத்தில் பெய்துகொண்டிருந்தது. உள்ளே, வெளியே என்பவை நிலத்தில் இல்லாமல் நிற்பவனிடம் இருக்கும் சொற்கள் என்று நான் எப்போதோ படித்துப் பாதி ஒப்புக்கொண்டிருந்தேன். மீதியை அந்த மழையில் ஒப்புக்கொள்ளவிருந்தேன். அதற்குள் அவர் ரகசியம் பேசுவதுபோல என் பக்கம் குனிந்தார்.

"கனவுல வந்த வேலிக்கு என்ன நம்பர்ணே? நாலு நம்பர் லாட்டரி எடுக்கலாம்னு."

பரஞ்சோதி மனைவியை இழந்தவர். சாப்பாடு அக்கா வீட்டில். அக்கா குணவதி, பழைய தோட்டம் விற்கப்பட்டு லயங்கள் இடிக்கப்பட்ட பிறகு கட்டிய சின்னத் தமான் குடியிருப்பின் கடைசி வீட்டில் இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை. விடிவதற்குள் பால் கறந்து, தமான் வீடுகளுக்கும் கோயிலுக்கும் மணியம் கடைக்கும் தானே மோட்டாரில் கொண்டுபோய்க் கொடுப்பார். ஹெல்மெட்டுக்குள் மல்லிகைச் சரம் இருக்கும். திரும்பி வந்ததும் மாடுகளை அவிழ்த்துவிடுவார். அவை யாரும் ஓட்டாமலே வரிசையாக நடந்து, என் தோப்புக்கு அடுத்த வெற்று நிலத்தைக் குறுக்கே கடந்து, ஓடைக்கும் அதற்கு அப்பாலுள்ள செம்பனை நிழல் புல்லுக்கும் போகும். மாலையில் அதே வழியில் திரும்பும். பனி இருக்கும் நாள்களில் கால்கள் தெரியாது. மாடுகள் மிதந்து போவதுபோல் இருக்கும். வேறு வழி என்றால் பெரிய சாலைதான். அந்தச் சாலையில் ஒரு கன்றை லோரி அடித்த பிறகு குணவதி அந்தப் பக்கம் மாட்டைத் திருப்புவதில்லை.

மாடுகளுக்கு முன்னால் போவது ஒரு செவலைப் பசு. பரஞ்சோதி எங்கே வேலி கட்டினாலும் அது வந்து சற்றுத் தள்ளி நின்று, அசைபோட்டபடி பார்க்கும். அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருக்கிறார். "பார்த்துக்கோ இன்ஸ்பெக்டர், நல்லா பார்த்துக்கோ. இதுல ஒன் பருப்பு வேகாது" என்று ஆணி அடித்துக்கொண்டே சொல்வார். அது காதை ஆட்டும்.

அந்த வெற்று நிலத்தைச் சென்ற ஆண்டு புவனேசன் என்பவர் வாங்கினார். சுங்கைப் பட்டாணியில் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். நல்ல மனிதர், மென்மையாகப் பேசுபவர். வார இறுதிகளில் சின்ன மகளை அழைத்துக்கொண்டு வந்து துரியான் ஒட்டுக்கன்றுகளை நட்டார். மகள் ஒவ்வொரு கன்றுக்கும் தன் வகுப்புத் தோழிகளின் பெயரை வைத்தாள். ஒரு சனிக்கிழமை வந்து பார்த்தபோது கன்றுகளின் நுனிகள் போயிருந்தன. சில வேரோடு சாய்ந்திருந்தன. ஈரமண்ணில் குளம்புத் தடங்கள். அந்தப் பெண் ஒவ்வொரு பெயராகச் சொல்லி அழுதது என் தோப்புவரை கேட்டது. குணவதியின் மாடுகள்மேல் எனக்கு இருந்த கவித்துவமான பார்வை அன்று கொஞ்சம் கலைந்தது.

புவனேசன் பரஞ்சோதியைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் அங்கே இருந்தேன்.

"அண்ணே, அது உங்க அக்கா மாடுங்கன்னு எனக்குத் தெரியும். சண்டை போட வரல. வேலி போடணும். வேற ஆளைக் கூப்பிட்டா மின்சாரக் கம்பி போடுவான், மாட்டுக்கு அடிபடும். நீங்களே கட்டுங்க. அந்த மாடுங்களப் பத்தி உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

பரஞ்சோதி நிலத்தைப் பார்த்தார். "ஓரமா, அந்தக் கால்வாய் பக்கமா, ஒரு மாடு போற அளவுக்கு வழி விட்டுட்டு கட்டலாமா தம்பி?"

"விடலாம்ணே. இன்னிக்கு மாடு போகும். நாளைக்கு அதே வழியில மோட்டார் வரும். அடுத்த தோட்டத்துல எப்படித் துரியான் திருடு போச்சுன்னு நினைக்கிறீங்க? மாட்டுக்கு விட்ட வழி வழியாத்தான் லா."

அதில் தப்பு சொல்ல முடியாது. பரஞ்சோதியும் சொல்லவில்லை. தலையை ஆட்டினார். அன்று மதியம் அக்கா வீட்டில் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது, பால் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போக நானும் வாசலில் நின்றிருந்தேன். குணவதி தம்பியின் தட்டில் சோற்றைக் கொட்டினார். போட்டார் என்று எழுத முடியாது.

"தின்னு. வேலி கட்டற கையாலயே அள்ளித் தின்னு. முள்ளு குத்துதான்னு பாரு."

"நான் கட்டலைன்னா வேறவன் கட்டுவான்க்கா."

"வேறவன் கட்டுனா அவனைத் திட்டுவேன். எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். இப்ப யாரைத் திட்டறது? நீ குழம்பு வேற கேப்ப."

"குழம்பு ஊத்து."

ஊற்றினார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலை இறக்கினார். "மாட்டு வியாபாரி வந்து பார்த்துட்டுப் போயிட்டாண்ணே. புல்லும் தண்ணியும் இல்லாம கட்டி வச்சுத் தீனி வாங்கிப் போட என்னால ஆகுமா? வேலி அடைஞ்சதும் வர்றேன்னு சொல்லியிருக்கான். எல்லாத்தையும் ஒரே லோரியில ஏத்திருவானாம்." கொட்டகையில் இன்ஸ்பெக்டர் தொட்டியை நக்கும் சத்தம் கேட்டது. "பேரு வச்சுக் கூப்பிட்டதையெல்லாம் லோரியில ஏத்த முடியுமா, நீங்களே சொல்லுங்க."

பரஞ்சோதி குழம்புச் சோற்றைக் குனிந்து தின்றுகொண்டிருந்தார்.

வேலி வேலை தொடங்கியது. பனிக்குள் டின் சத்தம் என் தோப்பைத் தாண்டி அடுத்த நிலத்துக்குப் போயிற்று. பாக் மாட் குழி தோண்ட, பரஞ்சோதி கட்டை நிறுத்த, கட்டைகள் ஒவ்வொன்றாக வெண்மைக்குள்ளிருந்து எழுந்தன. அவர் கனவில் கண்டதுபோலவே அவை நடந்து வந்து நின்றதாக எனக்குத் தோன்றியது. கம்பிகளை வெளிப்பக்கம் இழுத்து, ஆணியைச் சற்றுச் சாய்வாக வைத்து ஆழ இறக்கினார். என் வேலியைவிட இறுக்கமாகக் கட்டினார். நிலம் ஒவ்வொரு பக்கமாக மூடிக்கொண்டே வந்தது. மாடுகள் தினமும் இன்னும் திறந்திருக்கும் இடத்தைத் தேடிப் போயின. கடைசியில் அவற்றின் பழைய வழி மட்டுமே மிஞ்சியது: கொட்டகைப் பக்கம் ஓர் இடைவெளி, அதற்கு நேர் எதிரே ஓடைப் பக்கம் ஓர் இடைவெளி.

அந்த இரண்டு இடங்களையும் விட்டுவிட்டு அவர் ஒரு விசித்திரமான காரியத்தில் இறங்கினார். துண்டுக் கம்பிகளை, அதுவரை எந்த நிலத்திலும் பொறுக்காத துண்டுக் கம்பிகளை, ஒன்றுவிடாமல் பொறுக்கினார். புவனேசன் புதிதாக நட்டிருந்த ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் மூங்கில் குச்சிகளை ஊன்றி, கம்பியால் பின்னி, இடுப்புயரக் கூண்டு கட்டினார். நாள் முழுக்க அதையே செய்தார். சனிக்கிழமை வந்த புவனேசன் குழம்பிப்போனார்.

"அதான் வேலி வந்திருச்சே, இது எதுக்குண்ணே? நான் கேக்கலையே."

"இருக்கட்டும் தம்பி. காட்டுப்பன்னி வரும். அதுக்கு வேலியெல்லாம் கணக்கில்ல, மண்ணைத் தோண்டிக்கிட்டு வரும்."

சின்னப் பெண் கூண்டுகளைச் சுற்றி ஓடினாள். ஒரு கூண்டுக்கு முன்னால் நின்று, "அங்கிள், வாசுகிக்கு மட்டும் இன்னும் பெருசா கட்டுங்க, அவ வேகமா வளருவா" என்றாள். பரஞ்சோதி அந்தக் கூண்டைப் பிரித்து, மறுபடியும் பெரிதாகக் கட்டிக் கொடுத்தார். அவர் முணுமுணுக்காமல் ஒரு வேலையைத் திரும்பச் செய்ததை நான் பார்த்தது அன்றுதான்.

இடைவெளிகளை அடைக்கும் நாளன்று வெயில் வர நேரமாயிற்று. நான் என் எல்லையில் மங்குஸ்தீன் சருகுகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கொட்டகைப் பக்கத்து இடைவெளி எனக்கு எதிரே இருந்தது. அதற்கு அப்பால், வெளியே, மாடுகள் வந்து நின்றிருந்தன. இன்ஸ்பெக்டர் முன்னால். பின்னால் குணவதி, முக்காடிட்ட துண்டோடு, கை கட்டி.

"அடைச்சுரு. நின்னு என்ன வேடிக்கை? அடைச்சுரு, நானும் பார்த்துட்டுப் போறேன். வியாபாரிக்குப் போன் போடணும்."

பரஞ்சோதி கட்டைமேல் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடினார். மற்றக் கண்ணும் மூடியது. பாக் மாட் ரொக்கோ பற்றவைத்தார். அவர் அதைப் புகைத்து முடித்து நசுக்கும்வரை பரஞ்சோதி எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது, அந்த இடைவெளிக்கு மட்டும் கம்பியைத் தனித்தனித் துண்டுகளாக வெட்டினார். இடுக்கியை எடுத்து, அந்தத் துண்டுகளில் இருந்த முள்களை ஒவ்வொன்றாக மடக்கிப் படியவைத்தார். பிறகு டின் குலுங்க, குனிந்து, நிலத்துக்கு உள்ளே போனார். கம்பியை உள்பக்கமிருந்து கட்டையோடு வைத்து, முதல் ஆணியை அடித்தார்.

பாக் மாட் நிமிர்ந்தார். அவ்வளவு நாளில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அப்போதுதான்.

"ஓய் ஜோத்தி! சாலா பெலா லா!"

பக்கம் தப்பு என்கிறார். என் கைத் துடைப்பம் நின்றது. குணவதியின் கட்டிய கைகள் மெல்ல அவிழ்ந்தன. வேலிக்காரரின் அக்காவுக்கு எந்தப் பக்கம் சரி என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"டா துவா, மாட்" என்றார் பரஞ்சோதி, திரும்பாமல். வயதாகிவிட்டது. "லுப்பா." மறந்துவிட்டது.

"மணியம் கடையில சிரிப்பானுங்கடா" என்றார் குணவதி. அது திட்டாக இல்லை.

"சிரிக்கட்டும். பழைய பேருதானே."

அடுத்த ஆணி. அதற்கு அடுத்தது. எதையும் சாய்வாக வைக்கவில்லை, எதையும் ஆழ இறக்கவில்லை. எல்லாக் கம்பிகளும் ஏறியதும், ஓடைப் பக்கம் போய், அங்கே மாடு உள்ளிருந்து சாயும் என்பதால் கம்பியை வெளிப்பக்கம் வைத்து, மற்றதெல்லாம் அப்படியே செய்துவிட்டு வந்தார். அதற்குள் வெயில் வந்துவிட்டது. மலை இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் வேலி முழுவதும் ஒரே வேலி. எங்கேயும் இடைவெளி இல்லை, வளைவுகள் மட்டும் வழக்கம்போல.

பரஞ்சோதி சுத்தியலை உள்ளே ஒரு கட்டையடியில் வைத்தார். கம்பிகளுக்கு இடையே உடலைக் கோணலாக்கி வெளியே வந்தார், மாடுகள் நிற்கும் பக்கம். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். இந்த முறை குனியவில்லை, ஏறவில்லை, படுக்கவில்லை. தோளைக் கம்பியில் வைத்தார். பொறுமையாகச் சாய்ந்தார். கம்பி கட்டையைவிட்டு விலகியது. பட்டென்று ஓர் ஆணி கழன்று உள்பக்கப் புல்லில் விழுந்தது. இன்ஸ்பெக்டர் அசைபோடுவதை நிறுத்தியது.

அவர் கம்பிக்கு ஊடாகக் கையை நீட்டிப் புல்லைத் துழாவி, ஆணியை எடுத்தார். சட்டையில் துடைத்தார். கம்பியை மறுபடி கட்டையோடு சேர்த்துப் பிடித்து, அது வந்த ஓட்டைகளிலேயே ஆணியை வைத்து, கீறல் விழுந்த வலது கையின் கட்டைவிரலால் அழுத்தினார்; ஆணி நின்றது. சுத்தியல் உள்ளேயே கிடந்தது.